10 மீட்டர் சுடக் கத்துக்க 100 கிலோமீட்டர் போகணுமா? சாணார்பட்டியிலிருந்து ஒரு கேள்வி

"அண்ணே, நம்ம ஊர்ப்பக்கம் ரைஃபிள் கிளாஸ் எங்க இருக்கு?"

திண்டுக்கல் - நத்தம் ரோட்டில் இருக்கும் சாணார்பட்டியிலிருந்து, என் சித்தி மகள் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் இது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவுக்குப் போனவள், பலூன் சுடும் கடையில் பத்து ரவைக்கு ஒன்பது பலூனை உடைத்திருக்கிறாள். "பாப்பா, நீ இன்னொரு ரவுண்டு வராத, எனக்குக் கட்டுப்படியாகாது" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அன்றைக்கு ராத்திரியே கூகுளில் தேட ஆரம்பித்துவிட்டாள்.

தேடலில் வந்ததை எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினாள். ஏர்கன் விற்கும் ஆன்லைன் கடைகள், பெங்களூரு அகாடமி விளம்பரங்கள், தோப்பில் நின்று பாட்டில் சுடும் ரீல்ஸ். கிளாஸ் மட்டும் இல்லை. கடைசியாக ஒரு கேள்வி வந்தது: "பேசாம ஆன்லைன்ல ஒரு ஏர்கன் ஆர்டர் போட்டு, மொட்டை மாடியில பழகிக்கவா?"

வேண்டாம் என்று உடனே பதில் போட்டேன். ஆனால், 'அதுக்குப் பதிலா இங்க போ' என்று சொல்ல எனக்கு ரெண்டு நாள் ஆனது. அந்த ரெண்டு நாளில் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை. இதே கேள்வி உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ, ஆபீஸ் முடிந்து ஏதாவது ஒரு விளையாட்டைத் தேடும் உங்களுக்கோ இருந்தால் உதவும்.

முதல்ல, எந்தத் துப்பாக்கி?

ரைஃபிள் என்றதும் வீட்டில் பெரியவர்களுக்குப் பயம் வந்துவிடும். நம் பக்கம் துப்பாக்கி என்றால் போலீஸ் கையில் இருப்பது, இல்லாவிட்டால் செய்தியில் வரும் நாட்டுத் துப்பாக்கி. விளையாட்டு ரைஃபிள் இந்த ரெண்டும் இல்லை. இதை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

ஒன்று, ஏர் ரைஃபிள். இதில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்று, 4.5 மி.மீ. ஈயக் குண்டைத் தள்ளும். ஒலிம்பிக்கில் இருக்கும் '10 மீட்டர் ஏர் ரைஃபிள்' போட்டி இதில்தான் நடக்கிறது. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழாய் விட்டம் 0.177 அங்குலத்துக்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குவார்கள்.

இரண்டு, பாயின்ட் 22 ரைஃபிள். இது வெடிமருந்தில் இயங்கும் துப்பாக்கி. 50 மீட்டர் போட்டிகளுக்கு இதுதான். சொந்தமாக வைத்திருக்க 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 21 வயது நிரம்பாதவர்கள் அப்படி வைத்திருக்க முடியாது. ஆனால் பயிற்சிக்காக, மேற்பார்வையில் சுடுவதற்கு அந்தச் சட்டமே தனியாக இடம் தருகிறது. கிளப்பின் துப்பாக்கியை கிளப் ரேஞ்சிலேயே சுட்டுப் பழகுவது இந்த வழியில்தான்.

மூன்று, நாட்டுத் துப்பாக்கி. இதற்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தாலே, 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடணும். லைசென்ஸ் வேண்டாம் என்பதால் ஏர்கன் பொம்மை ஆகிவிடாது. அந்தச் சின்ன ஈயக் குண்டு ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். சிறுமலை அடிவாரத்துத் தோப்புகளில் மயிலும் முயலும் சாதாரணமாகத் திரியும். அவற்றின் மேல் 'டெஸ்ட்' பண்ணிப் பார்த்தால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் மொட்டை மாடியில் பழகுவது எங்கே போய் முடியும் என்பதற்கு இந்த ரெண்டும் போதும்.

சரி, கிளாஸ் எங்கே?

இந்த விளையாட்டில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. மேலே இருப்பது தேசிய ரைஃபிள் சங்கம். 1951-ல் தொடங்கியது. முதல் மக்களவையின் சபாநாயகர் மவ்லங்கர்தான் அதன் முதல் தலைவர். அதற்குக் கீழே ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சங்கம். நமக்கு தமிழ்நாடு துப்பாக்கி சுடுதல் சங்கம். அதற்குக் கீழே ரைஃபிள் கிளப்புகள். சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் இப்படிக் கிளப்புகள் இருக்கின்றன.

அதனால் 'நியர் மீ' என்று தேடுவதை விட, மாநிலச் சங்கத்தில் இணைந்திருக்கும் கிளப்புகளின் பட்டியலிலிருந்து தொடங்குவது நல்லது. போட்டிக்குப் போகணும்னா அந்தப் பாதைதான். மாநிலப் போட்டியில் தகுதி மதிப்பெண் எடுத்து, அடுத்தடுத்த கட்டம் தாண்டித்தான் தேசியப் போட்டிக்குப் போக முடியும். சங்கத்தோடு தொடர்பில்லாத இடத்தில் மூன்று வருஷம் பயிற்சி எடுத்துவிட்டு, 'போட்டிக்கு எப்படிப் பெயர் கொடுக்கிறது?' என்று அப்புறம் கேட்டால் பதில் கிடைக்காது.

ஊருக்குள்ளேயே ஒரு கதவும் இருக்கிறது. என்.சி.சி. பள்ளி, கல்லூரிகளில் என்.சி.சி.யில் சேருபவர்களுக்கு பாயின்ட் 22 ரைஃபிளில் சுடக் கற்றுக்கொடுப்பார்கள். நன்றாகச் சுடுபவர்களைத் தேர்ந்தெடுத்துப் போட்டிகளுக்கும் அனுப்புகிறார்கள். இதற்குத் தனியாகக் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. அடிக்கடி சுடக் கிடைக்காது, கேம்ப் நேரத்தில்தான் அதிகம். ஆனால் துப்பாக்கியை எப்படிப் பிடிக்கணும், எப்போது பிடிக்கக் கூடாது என்ற ஒழுக்கம் முதல் நாளிலேயே வந்துவிடும். பள்ளியில் என்.சி.சி. இருந்தால், என் முதல் பதில் அதுதான்.

போலீஸ் வேலைக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கான்ஸ்டபிள் தேர்வில் துப்பாக்கி சுடும் டெஸ்ட் கிடையாது. வேலையில் சேர்ந்த பிறகு பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். 'துப்பாக்கிப் பயிற்சி எடுத்தால் செலக்‌ஷன் நிச்சயம்' என்று யாராவது பணம் கேட்டால், அந்தப் பணத்தை ஓட்டப் பயிற்சிக்கு நல்ல ஷூ வாங்கச் செலவழியுங்கள்.

சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை

எந்த இடமாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒரு தடவை நேரில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். இவற்றைக் கவனியுங்கள்:

- மாநிலச் சங்கத்தோடு எந்தக் கிளப் வழியாக இணைந்திருக்கிறது? வாய்வார்த்தை போதாது, காகிதம் கேளுங்கள்.

- கோச்சுக்கு என்ன தகுதி? சர்வதேச சம்மேளனம் பயிற்சியாளர்களுக்குத் தரம் பிரித்து லைசென்ஸ் தருகிறது. தேசிய, மாநிலப் போட்டிகளில் ஆடிய அனுபவமும் கணக்கில் வரும். 'முன்னாள் ராணுவம்' என்பது மரியாதைக்குரியது. ஆனால் விளையாட்டு கோச்சிங் வேறு வேலை.

- சுடும் கோட்டுக்கு முன்னால் யாராவது நடந்து போகிறார்களா? ஒருவர் டார்கெட் மாற்றப் போகும்போது மற்றவர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நிற்கிறார்களா? சுடாத நேரத்தில் குழாய்க்குள் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு இருக்கிறதா? இல்லையென்றால் அப்போதே எழுந்து வந்துவிடலாம்.

- முதல் நாளே கையில் குண்டைக் கொடுக்கிறார்களா? நல்ல கோச் கொடுக்க மாட்டார். நிற்பது, மூச்சு விடுவது, குண்டில்லாமல் ட்ரிகர் இழுப்பது என்றே முதல் நாட்கள் போகும். போரடிக்கும். ஆனால் விளையாட்டே அதில்தான் இருக்கிறது.

- கிளப் துப்பாக்கி கிடைக்குமா? போட்டித் தரத்திலான வெளிநாட்டு ஏர் ரைஃபிள் 2 லட்சம் ரூபாயைத் தாண்டும். அதற்கென்றே தைக்கும் தடிமனான ஜாக்கெட், பேன்ட், ஷூ தனிச் செலவு. முதல் வருஷம் கிளப் துப்பாக்கியிலேயே பழக விடுகிற இடமா என்று பாருங்கள். சேர்ந்த மாதமே 'சொந்தமாக வாங்குங்க' என்றால், அவர்களுக்குக் கமிஷன் எங்கே வருகிறது என்று யோசியுங்கள்.

பிரச்னை தூரம்தான்

இதையெல்லாம் சித்தி மகளுக்கு வாய்ஸ் நோட்டில் சொன்னேன். "சரிண்ணே, அப்போ மதுரைக்குப் போகணுமா, திருச்சிக்கா?" என்றாள்.

சாணார்பட்டியிலிருந்து மதுரை 60 கி.மீ. பக்கம், திருச்சி 100 கி.மீ. பக்கம். மதுரைக்கே வாரம் ரெண்டு நாள் போய் வந்தால் 240 கி.மீ. பஸ் மாறிப் போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், நடுவில் பயிற்சி ஒன்றரை மணி நேரம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது. கூடப் போனால் சித்திக்கு அன்றைய வேலை போச்சு. 'ஆர்வம் இருந்தா வழி இருக்கும்' என்று சொல்வது நமக்கு ஈஸி. பஸ் டிக்கெட்டும் ஒரு நாள் கூலியும் அவர்கள் வீட்டுக் கணக்கு.

இத்தனைக்கும் அவள் சுட வேண்டிய தூரம் எவ்வளவு? பத்து மீட்டர்.

என் கருத்து இதுதான்: தமிழ்நாட்டில் இந்த விளையாட்டுக்குத் திறமைக்கும் பஞ்சமில்லை, ஆசைக்கும் பஞ்சமில்லை. ரேஞ்ச் மட்டும்தான் பெரிய ஊர்களோடு நின்றுவிட்டது. அதை ஒன்றிய அளவுக்குக் கொண்டுவர அரசால் முடியும். ஏர் ரைஃபிள் என்பதால் செலவும் நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

ஆசைக்குச் சாட்சி வேண்டுமா? 2022 ஜூலையில் நடிகர் அஜித்குமார் மாநிலத் துப்பாக்கி சுடுதல் போட்டிக்காக திருச்சி ரைஃபிள் கிளப்புக்கு வந்தார். அவரைப் பார்க்கக் கூடிய கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போலீஸ் திணறியது. அவருடைய அணி 4 தங்கமும் 2 வெண்கலமும் வென்றது. அன்றைக்கு வந்த கூட்டம் தலயைப் பார்க்க வந்த கூட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் 'இப்படி ஒரு விளையாட்டு இருக்கா, நாமளும் கத்துக்கலாமா?' என்று அதற்குப் பிறகு கேட்ட பிள்ளைகளுக்கு, அவரவர் ஊரில் காட்ட நம்மிடம் ஓர் இடம் இல்லை.

திறமை விஷயத்துக்கு வருவோம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகத் தரவரிசையில் முதலிடம் வரை போன இளவேனில் வாலறிவன், கடலூரில் பிறந்தவர். துப்பாக்கி பிடிக்கக் கற்றது அகமதாபாத்தில். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே பிரிவில் வெண்கலம் வென்ற ககன் நரங், சென்னையில் பிறந்தவர். வளர்ந்ததும் கற்றதும் ஹைதராபாத்தில். இருவரும் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனவர்கள், அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் கடலூரிலேயே, சென்னையிலேயே வளர்ந்திருந்தால் அந்த வயதில் ஒரு ரேஞ்ச் கைக்கெட்டியிருக்குமா என்று நாம் யோசிக்க வேண்டாமா?

2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே ரேஞ்ச் இருந்தது. அந்த வசதி லட்சத்தில் ஒருவருக்குத்தான். இன்னொரு வழி ஸ்வப்னில் குசாலே வந்த வழி. மகாராஷ்டிராவின் கோலாப்பூர் மாவட்டத்தில் கம்பல்வாடி என்ற கிராமம் அவருடையது. 2009-ல் அந்த மாநில அரசின் 'கிரீடா பிரபோதினி' விளையாட்டுத் திட்டத்தில் சேர்ந்தார். பிறகு ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை. 2024 ஆகஸ்ட் 1-ம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளோடு வெண்கலம் வென்றார். ஒரு கிராமத்துப் பையனை அரசுத் திட்டம் ஒன்று கையைப் பிடித்து ரேஞ்சுக்குக் கூட்டிப் போனது. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

ஒரு ரேஞ்சுக்கு என்ன தேவை?

10 மீட்டர் ரேஞ்சுக்கு மைதானம் வேண்டாம், ஒரு ஹால் போதும். ஒரு ஆள் நிற்க ஒரு மீட்டர் அகலம். 20 அடி நீள வகுப்பறை ரெண்டைச் சேர்த்தால் 40 அடி, அதாவது சுமார் 12 மீட்டர். ரேஞ்சுக்கும் பின்னால் ஆள் நிற்கவும் சரியாக இருக்கும். குண்டைத் தடுக்கும் பின்சுவர், நல்ல வெளிச்சம், பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி, நாலைந்து கிளப் துப்பாக்கிகள், ஒரு கோச். தொடக்கத்தில் பேப்பர் டார்கெட்டே போதும்.

மாநில அரசு 2024-ல் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு 33 வகை விளையாட்டு உபகரணங்கள் கொடுக்கத் தொடங்கியது. நல்ல திட்டம். அந்தப் பெட்டியில் ஏர் ரைஃபிளையும் சேர்த்துக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை; கொடுக்கவும் கூடாது. கிரிக்கெட் பேட்டைப் போல வீட்டுக்கு எடுத்துப் போகிற பொருள் இல்லை இது. ஊராட்சி தோறும் வேண்டாம், ஒன்றியத்துக்கு ஒரு ரேஞ்ச். ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியிலோ, தொகுதிக்கு ஒன்று என்று கட்டிவரும் சிறு விளையாட்டரங்கங்களிலோ ஒரு ஹால் ஒதுக்கினால் முடிந்தது.

அதற்கும் முன்னால், செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. திருச்சி ரைஃபிள் கிளப் இயங்குவது போலீஸ் ஆயுதப்படை வளாகத்தில்தான். ஆயுதப்படை மைதானம் எல்லா மாவட்டத்திலும் உண்டு. துப்பாக்கியைப் பாதுகாக்கத் தெரிந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். சனி, ஞாயிறு ரெண்டு மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏர் ரைஃபிள் பேட்ச் தொடங்க, மாவட்ட விளையாட்டு அலுவலரும் எஸ்.பி.யும் ஒரு தடவை உட்கார்ந்து பேசினால் போதும். சாணார்பட்டிப் பிள்ளைக்கு திண்டுக்கல் ஒரே பஸ்தான்.

பள்ளிக்கூடத்தில் துப்பாக்கியா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வரத்தான் வேணும். வெளிநாட்டுப் பள்ளிகளில் நடக்கும் துப்பாக்கிச்சூடுகளை நாம் எல்லோரும் செய்தியில் பார்க்கிறோம். என்னிடம் ரெண்டு பதில் இருக்கிறது.

ஒன்று, இங்கே பேசுவது பூட்டிய அலமாரியிலிருந்து கோச் எடுத்துக் கொடுத்து, பயிற்சி முடிந்ததும் எண்ணித் திரும்ப வைக்கிற ஏர் ரைஃபிளைப் பற்றி. ஈட்டியும் வில்லும் கூட ஆபத்தானவைதான். விதிமுறையோடுதான் பள்ளிப் போட்டிகளில் அவற்றைக் கையில் கொடுக்கிறோம்.

இரண்டு, இன்றைய நிலைமை மட்டும் பாதுகாப்பானதா? ரேஞ்ச் இல்லாத ஊரில் ஆசை இல்லாமல் போய்விடுவதில்லை. அது ரீல்ஸ் பார்த்து, ஆன்லைனில் ஏர்கன் வாங்கி, தோப்புக்குள் போய் மயிலையோ, தெரியாமல் பக்கத்துத் தோட்டத்து ஆளையோ குறி வைக்கிறது. பயிற்சி கொடுப்பதால் துப்பாக்கிக் கலாசாரம் வளரும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒழுங்காகக் கற்ற பிள்ளைதான், 'சுடாத நேரத்துல ட்ரிகர்ல விரல் வைக்கக் கூடாது' என்று வீட்டில் பெரியவர்களுக்கே சொல்லும்.

இந்த விளையாட்டு கேட்கிற குணத்தையும் பாருங்கள். 10 மீட்டர் டார்கெட்டின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். குண்டே அதைவிட ஒன்பது மடங்கு அகலம். 75 நிமிடத்தில் 60 முறை அந்தப் புள்ளியைக் குறி வைக்கணும். கோபக்காரரால் முடியாது, அவசரக்காரராலும் முடியாது. ஆணோ பெண்ணோ, உயரமோ குள்ளமோ, வித்தியாசம் அதிகம் இல்லை. விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, வீல்சேரில் இருந்தபடி ஏர் ரைஃபிள் சுட்ட அவனி லெகரா, டோக்கியோ, பாரிஸ் என ரெண்டு பாராலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். ஊர் மைதானத்தில் 'உனக்கு இடம் இல்லை' என்று ஒதுக்கப்படுகிற பிள்ளைக்கும் இடமுள்ள விளையாட்டு இது.

இப்போதைக்கு

சித்தி மகளுக்கு நான் கடைசியாகச் சொன்னது இது. ஆன்லைன் ஆர்டர் வேண்டாம். பள்ளியில் என்.சி.சி. சாரைப் போய்ப் பார். லீவுக்கு சித்தியோடு மதுரைக்கு ஒரு தடவை போய், ரேஞ்ச் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வா. அதோடு, 'எங்க ஒன்றியத்துக்கு ஒரு ஏர் ரைஃபிள் ரேஞ்ச் வேணும்' என்று கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க் கூட்டத்தில் ஒரு மனு கொடு. கூடப் படிக்கிறவர்களிடமும் கையெழுத்து வாங்கிக்கோ.

"மனு கொடுத்தா வந்துருமாண்ணே?" என்றாள்.

உடனே வராது. ஆனால் கேட்கவே இல்லை என்றால், 'அந்தப் பக்கம் யாரும் கேக்கலையே' என்பதுதான் பதிலாக இருக்கும். நீங்களும் இதேபோல் ஓர் ஊரிலிருந்து படித்து, வேலைக்காக சென்னைக்கோ பெங்களூருக்கோ வந்தவராக இருந்தால், உங்கள் ஊர் மனுவை எழுதிக் கொடுக்க உங்களால் முடியும். ஒரு பக்கம் போதும். அந்த ஊரில் பலூன் கடைக்காரரைத் திணறடிக்கிற பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும்.